ஒரு வரிசை கீழே

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ மாதிரிக் குரல், அதனால் ரேடியோ அக்கா என்றால்தான் தெரியும். நகரக் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பது அவர் வேலை. பக்கத்து மேசை என்னுடையது. குழாயில் காற்றுதான் வருகிறது என்று கத்திக்கொண்டே ஆரம்பிப்பவர்கள்கூட அக்கா இரண்டு வார்த்தை பேசியதும் குரலைத் தணித்துக்கொள்வார்கள். "சாயங்காலத்துக்குள்ள வந்துரும்மா, கவலைப்படாதீங்க" என்பார் அக்கா. வருமா என்பது அவருக்கும் தெரியாது, எங்கள் பொறியாளருக்கும் தெரியாது. ஆனால் கேட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டு வைப்பார்கள். அக்கா பேசினாலே ஜனங்களுக்குத் தாகம் அடங்கிவிடுகிறது, நாம் குழாய்களைப் பிடுங்கி எடைக்குப் போட்டுவிடலாம் என்று மீட்டர் பார்க்கும் அண்ணன் கேலி செய்வார்.

வீட்டில் மட்டும் அந்தக் குரலுக்கு மதிப்பில்லை. அக்காவின் வீட்டுக்காரர் லாரி பட்டறை மெக்கானிக். வருஷக்கணக்காகச் சுத்தியல் சத்தத்திலேயே நின்று காது பாதி போய்விட்டது. "ஊரெல்லாம் உருகுற குரலை அவருக்கு மூணு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருக்கு" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பார். மகன் வெளியூரில் வேலையில் இருந்தான். கடன் உடன் இல்லாத, யார் வாயிலும் விழாத குடும்பம்.

ஒரு நாள் காலையில் ஒரு ரயில் தடம் புரண்டது. ஊருக்கு வெளியே பாலத்தில் ஏறும் வளைவில் ஐந்தாறு பெட்டிகள் சரிந்துவிட்டன. நாங்கள் வேலைக்கு வந்து உட்காரும்போதே மருத்துவமனைப் பக்கம் வண்டிகள் அலறிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. ஊரில் அதிகத் தொலைபேசி இணைப்புகள் இருந்தது எங்கள் அலுவலகத்தில்தான். ஆகவே, இனி தண்ணீர்ப் புகாரை எடுக்க வேண்டாம், பயணிகளைத் தேடிக் கூப்பிடுபவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சற்று நேரத்தில் எங்கள் எல்லாத் திரைகளிலும் ஒரே ஸ்ப்ரெட்ஷீட் திறந்தது. இரண்டு மருத்துவமனைகளிலும் ஆட்கள் உட்கார்ந்து அதில் தட்டத் தட்ட, நாங்கள் இங்கே அதைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

அவசரத்தில் யாரோ போட்ட ஷீட் அது. முதலில் வரிசை எண், அடுத்தது பெயர். பிறகு வயது, ஊர், எந்தப் பெட்டி, யார் கொண்டுவந்து சேர்த்தார்கள், உடையின் நிறம், அடையாளம், கையில் இருந்த பொருள், மருத்துவமனை, வார்டு, படுக்கை என்று நீண்டுகொண்டே போகும். உறவுக்காரர்கள் முதலில் கேட்கிற 'நிலை' என்ற கட்டம் வலது பக்கம் கடைக்கோடியில் இருந்தது. எங்களுடையவை பழைய சிறிய திரைகள். இடது பக்கத்தில் பெயரைக் கண்டுபிடித்து, நிலையைப் படிக்க வலது பக்கம் நகர்த்தினால் பெயர் திரையை விட்டுப் போய்விடும். கீழே இறங்கினால் மேலே உள்ள தலைப்புகள் போய்விடும். ஒரு கட்டத்தில் வெறும் நான்கு என்று நிற்கும். அது வார்டா, படுக்கையா, ரயில்பெட்டியா என்று பார்க்க மறுபடி உச்சிக்கு ஏறி இறங்க வேண்டும். அதற்குள் காதில் ஒருவர் அழுதுகொண்டிருப்பார், பக்கத்துத் தொலைபேசியும் அடிக்கும்.

நான் ஓர் அடிக்கோலைத் திரையின் மேல் வைத்து, அதையொட்டியே படித்துக்கொண்டு போனேன். அக்கா விரலை வைத்துக்கொண்டார். பெயரின் மேல் ஆள்காட்டி விரலை அழுத்தி, மற்றக் கையால் ஷீட்டை நகர்த்தி, விரலுக்கு நேராக வந்து நிற்பதைப் படித்தார். விரல் நடுங்காமல்தான் இருந்தது. நான் பார்த்தேன்.

நாங்கள் யோசிக்காதது வேறொன்று. பெயர்களை அகர வரிசையில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் மருத்துவமனையில் இருப்பவர் அந்தப் பெயரை நடுவில் செருகுவார். செருகியதும் அதற்குக் கீழே உள்ளவர்கள் எல்லாரும் சத்தமில்லாமல் ஒரு படி இறங்கிவிடுவார்கள். விரல் இருந்த இடத்திலேயே இருக்கும். விரலுக்கு நேராக வேறொரு மனிதர் வந்திருப்பார்.

பகல் ஏறியபோது ஒரு பெண் கூப்பிட்டாள். தொலைவில் ஒரு சிறு ஊர். வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி கணவனோடு ரயிலில் போயிருந்ததால், தெருமுனை மளிகைக்கடைத் தொலைபேசியிலிருந்து பேசினாள். கணவன் தச்சுவேலைக்காரர், ஒரு வேலை பேசி முடிக்க வந்துகொண்டிருந்தவர். அக்கா பெயரைக் கண்டுபிடித்தார், விரலை வைத்தார், நகர்த்தினார். அதுவரை அன்று அவர் சொன்னவற்றில் பெரும்பாலும் கெட்ட சேதிகள். சொல்லத் தைரியமில்லாமல் 'நேரில் வாங்க' என்று முடித்தவையும் உண்டு. இந்தக் கட்டத்தில் எழுதியிருந்ததைப் படித்ததும் அக்கா முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

"பயப்படாதீங்கம்மா. கால்ல எலும்பு முறிஞ்சிருக்கு. நினைவோட இருக்காரு. எலும்பு வார்டுக்குக் கொண்டு போயிட்டாங்க."

அந்தப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். காலுதாம்மா, காலுதான் என்று அக்காவும் திரும்பத் திரும்பச் சொன்னார். வைக்கும் முன்னால் ஒன்று சேர்த்துச் சொன்னார்.

"கட்டுப் போட்டு அனுப்பிருவாங்க. நடந்தே வீட்டுக்கு வருவாரு பாருங்க."

தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, ஒன்றாவது நல்லதாகச் சொன்னோமே என்றார். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது போலிருந்தது.

மதியத்துக்கு மேல் கணினிப் பிரிவுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். யாருடைய திரையோ உறைந்துபோனது என்று கூப்பிட்டிருந்தார்கள். வந்தவர் என் அடிக்கோலைப் பார்த்து நின்றார். இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்றார். தலைப்புகளுக்குக் கீழே, பெயர்ப் பத்திக்கு அடுத்து வருகிற கட்டத்தில் சுட்டியை வைத்து, மெனுவைத் திறந்து எதையோ அழுத்தினார். திரையில் குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாக இரண்டு மெல்லிய கோடுகள் விழுந்தன.

"ஃப்ரீஸ் பண்ணிட்டேன். இனிமே எங்க நகர்த்தினாலும் பேரும் தலைப்பும் நின்ன இடத்துலயே நிக்கும்."

நகர்த்திப் பார்த்தோம். பெயர்கள் இடது ஓரத்தில் அசையாமல் நின்றன, மற்றக் கட்டங்கள் மட்டும் அவற்றின் அடியில் புகுந்து போயின. இவ்வளவுதானா என்று ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் ஒவ்வொரு மேசையாகப் போய் அதையே செய்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

தொலைபேசி சற்று ஓய்ந்திருந்தது. அக்கா அந்தத் தச்சரின் பெயரைத் தேடி எடுத்தார். சந்தேகத்தினால் இல்லை. நல்லதாக இருந்த அந்த ஒன்றை இன்னொரு தரம் பார்க்க ஆசையாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். பெயர் இடது ஓரத்தில் நின்றது. வலது பக்கம் நகர்த்தினார். 'கொண்டுவரும்போதே உயிர் இல்லை' என்று இருந்தது. கால் முறிவும் எலும்பு வார்டும் அதற்கு மேல் வரிசையில், வேறொரு பெயருக்கு நேராக இருந்தன.

அக்கா என்னைக் கூப்பிடவில்லை. ஷீட்டை இடதும் வலதுமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் திரும்பினேன்.

முதலில் அந்த மளிகைக்கடைக்குக் கூப்பிட்டார். கடைக்காரர் எடுத்தார். அந்தப் பெண் அப்போதே பஸ் ஏறிவிட்டாள், வந்து சேர மாலையாகும் என்றார். நல்ல சேதி சொன்னது நீங்கள்தானே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், தெருவே மூச்சு விட்டது என்றார். அக்கா சரிங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னோம். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். மருத்துவமனையில் அவர்களே சொல்லிக்கொள்வார்கள், நாம் தேடிப் போய்ச் சொன்னால் அலுவலகத்தின் பெயர் வெளியே வரும், பேசாமல் அடுத்த அழைப்பை எடுங்கள் என்றார். அக்கா தன் மேசைக்கு வந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். நானும் கிளம்பினேன். எங்களை யாரும் தடுக்கவில்லை.

முகம் தெரியாத ஒருத்தியை எங்கே போய்த் தேடுவது? எலும்பு வார்டின் வாசலில் போய் நின்றோம். அவள் நேராக அங்கேதான் வருவாள், அங்கே போகச் சொன்னதே நாங்கள்தான். தாழ்வாரம் முழுக்கத் தள்ளுவண்டிகள், தரையில் உட்கார்ந்த சொந்தக்காரர்கள், மருந்து நெடி. பையோடு வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் அக்கா ஊரைக் கேட்டார். உள்ளே கால் முறிந்தவர் நிஜமாகவே இருந்தார். கட்டோடு படுத்து, தன் அண்ணனோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன் என்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கலாம். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில், கக்கத்தில் வைத்து ஊன்றி நடக்கிற மரக்கட்டை. எப்போதோ கால் உடைந்த யாரிடமோ இரவல் வாங்கி, பஸ்ஸில் இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அக்கா ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேட்டதும் அவள் நின்றாள்.

"போன்ல பேசினது நீங்கதானே? இந்தக் குரல்தான்." முகமெல்லாம் சிரிப்பு. "எங்க இருக்காரு? வார்டு மாத்திட்டாங்களா?"

"வார்டு மாத்தலைம்மா. நான் தப்பா சொல்லிட்டேன்."

"என்ன தப்பு?"

"கால் முறிஞ்சது வேற ஒருத்தருக்கு. அவரோட விவரத்தைப் பார்த்துட்டு உங்க வீட்டுக்காரர்னு சொல்லிட்டேன்."

"அப்ப இவருக்கு எங்க அடிபட்டிருக்கு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் இன்னும் மிச்சம் இருந்தது, அதை என்ன செய்வதென்று தெரியாதவள் போல நின்றாள்.

"அவரு இல்லைம்மா" என்றார் அக்கா.

கூச்சல் எதுவும் இல்லை. அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க எங்கிட்ட பேசினப்ப அவருக்கு உசுரு இருந்துச்சா?"

"இல்லைம்மா. அப்பவே இல்லை."

அக்கா அவள் தோளைப் பிடிக்கப் போனார். தொடாதீங்க என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. அக்கா கையை இழுத்துக்கொண்டார். ஆனால் பிணவறை எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. ஆகவே அக்கா முன்னால் நடக்க, அவள் நான்கடி தள்ளிப் பின்னால் வந்தாள். கீழே கிடந்த பையை நான் எடுத்துக்கொண்டேன். கட்டையை அக்கா எப்போது வாங்கினார் என்று தெரியவில்லை. பார்த்தபோது அவர் கையில் இருந்தது.

அடையாளம் காட்டிவிட்டு வெளியே வந்தவள் படியில் உட்கார்ந்தாள். அப்போதும் அழவில்லை. அக்காவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"கடைக்குப் போன் பண்ணுங்க. எம் பொண்ணு அங்கதான் உக்காந்திருக்கா. நல்ல சேதி நீங்கதானே சொன்னீங்க. இதையும் நீங்களே சொல்லுங்க. என்னால ஆகாது."

அக்கா என் கைப்பேசியை வாங்கிக்கொண்டு சுவரோரம் போனார். முதலில் கடைக்காரரிடம் பேசினார். பிறகு அந்தச் சிறுமியே வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, நான் கேட்டதும் இல்லை. பேசி முடித்துத் திரும்பியபோது அவர் குரல் கம்மிப்போயிருந்தது. உறவுக்காரர்கள் வந்து சேரும்வரை மூவரும் அந்தப் படியிலேயே, கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம்.

அதன்பின் அக்கா தொலைபேசியில் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால், தெரியாதுங்க, குழாயில் பழுது பார்க்கிறார்கள், அது மட்டும்தான் தெரியும் என்பார். அக்காவுக்கு என்ன ஆயிற்று, மூஞ்சியில் அடித்தாற்போலப் பேசுகிறார் என்று புகார்ப் பிரிவைப் பற்றியே புகார்கள் வந்தன. ரேடியோ என்று கூப்பிட எங்கள் நாக்கும் கூசியது. வீட்டுக்காரர் ஒருநாள் அலுவலக வாசலுக்கே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முன்பெல்லாம் எனக்குக் காது கேட்கவில்லை என்று கத்துவாள், இப்போது வாயே திறப்பதில்லை, எனக்கு இது புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள் என்றார். நான் சத்தமாகச் சொல்லத் தெருவே எங்களைப் பார்த்தது. கேட்டு முடித்துவிட்டு, ஷீட் நகர்ந்ததற்கு இவள் என்ன செய்வாள் என்றார். நாங்களும் அதைத்தான் அக்காவிடம் ஆயிரம் தடவை சொல்லியிருந்தோம்.

அந்தப் பெண் மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டிருந்தாள். சில மாதங்கள் கழித்து விசாரணை வைத்தார்கள். கண்காணிப்பாளர் விளக்கத்தைத் தயாராக எழுதி வைத்திருந்தார். ஒரே நேரத்தில் பலர் தகவல் பதிந்ததால் தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டது, பெயர்ப் பத்தியை நிலைநிறுத்தி அன்றே சரிசெய்யப்பட்டது, ஊழியர் மீது தவறு இல்லை. இதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால் போதும், நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா போடவில்லை.

விசாரணை அறையில் நானும் சாட்சியாக இருந்தேன். அந்தப் பெண் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். வரிசை நகர்ந்ததை நீங்கள் கவனித்திருக்க முடியுமா என்றார். முடியாது என்றார் அக்கா. பெயர் கண் முன்னால் இருந்திருந்தால் தவறு நடந்திருக்காது, அப்படித்தானே என்றார். ஆமாம் என்றார். அதிகாரி எழுதுவதற்குக் குனிந்தபோது அக்கா மறுபடி பேசினார்.

"இன்னொண்ணு இருக்குங்க. கட்டுப் போட்டு அனுப்பிருவாங்க, நடந்தே வீட்டுக்கு வருவாருன்னு சொன்னேன். அது எந்த வரிசையிலயும் இல்லை. நானா சொன்னது."

கண்காணிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். எப்பவும் அப்படித்தாங்க பேசுவேன் என்றார் அக்கா. அதிகாரி எழுதிக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. முடிவு தெரியும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் ஒரு ஓரத்திலும் அக்கா மறு ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். நான் ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

"அதைச் சொல்லாம விட்டிருக்கலாமே" என்றாள் அவள். "நான் அதை எழுதிக்கூடக் கொடுக்கலை."

அவள் தன் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"பஸ்ல பக்கத்து சீட்டுல ஒரு அம்மா. அவங்ககிட்ட சொல்லிக்கிட்டே வந்தேன், இந்த மனுஷன் ஒரு நாள் வீட்டுல இருந்ததில்லை, இப்ப கால் சரியாகற வரைக்கும் எங்கயும் ஓட முடியாது, வசமா மாட்டினாருன்னு. ரெண்டு பேரும் சிரிச்சோம். வழியெல்லாம் சிரிச்சோம். அவரு அங்க செத்துக் கிடக்குறாரு, நான் இங்க சிரிச்சுக்கிட்டு வரேன். அதை நினைச்சா உங்களை அடிக்கணும் போல இருக்கு."

அக்கா தலையை ஆட்டினார்.

"சில நாள் வேற மாதிரியும் தோணுது" என்றாள் அவள். "நீங்க உள்ளதைச் சொல்லியிருந்தா அந்தப் பஸ்ஸை நான் ஏறியே இருக்க மாட்டேன். கடை வாசல்லயே விழுந்திருப்பேன். அவரை நினைச்சு நான் கடைசியா சிரிச்சது அந்தப் பஸ்லதான். அதுக்காக உங்களைச் சும்மா விடவும் மனசு வரலை. மன்னிக்கறதா வேணாமான்னு எங்கிட்ட கேக்காதீங்க. எனக்குத் தெரியலை."

"கேக்க மாட்டேம்மா" என்றார் அக்கா.

உள்ளே கூப்பிட்டார்கள். அக்காவுக்குக் கண்டனக் கடிதம். அதோடு தொலைபேசியிலிருந்து எடுத்து, பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். இனி இப்படிப்பட்ட நேரங்களில் நோயாளியின் நிலையைத் தொலைபேசியில் யாரும் சொல்லக் கூடாது, எந்த மருத்துவமனை என்பது வரை சொன்னால் போதும், மற்றதை மருத்துவர் நேரில் சொல்வார் என்று ஓர் உத்தரவும் வந்தது. கண்காணிப்பாளர் வெகுநாள் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் பெண் கிளம்பும்போது எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அக்கா கோப்பறையில்தான் இருக்கிறார். அங்கே தூசியைத் தவிர யாரும் வருவதில்லை என்று மீட்டர் அண்ணன் குறைப்பட்டுக்கொண்டு தினமும் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருகிறார். போன வாரம் நானும் தேநீர் எடுத்துக்கொண்டு போனேன். அந்தச் சிறுமி இப்போது என்ன வகுப்பு படிப்பாள் என்று அக்கா திடீரென்று கேட்டார். தெரியவில்லையே அக்கா என்றேன். அன்றிலிருந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று இருவரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். அவள் வயதை அன்று நாங்கள் யாருமே கேட்டிருக்கவில்லை.